பாட்டாவின் ஆசானும் பையனின் கராத்தேயும்

போன வாரம் இங்கே டொரண்டோவில் பையனைக் கராத்தே வகுப்பில் சேர்த்தோம். முதல் நாளே சிக்கல். சுவரில் ஃபுனகோஷியின் படம். எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக் குனிய, நம்மாள் மட்டும் கம்பம் மாதிரி நின்றான். "சாமியைத் தவிர யாரையும் கும்பிடக் கூடாதுன்னு மறைக்கல்வியில சொன்னாங்கப்பா" என்கிறான். வீட்டம்மாவும் அவன் கட்சி. "இஞ்ச பாருங்க, பிள்ளைக்கு ஃபுட்பால் போதும்."

எனக்குப் பாட்டா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் குளத்தூர். 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போனபோது நெய்யாற்றின்கரை தாலுகாவோடு கேரளத்திலேயே தங்கிவிட்ட ஊர். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். பாட்டா வாலிபத்தில் அடிமுறை படித்தவர். ஆசான் இந்து. வடக்கே மாதிரி குழி தோண்டிய களரியோ, மூலையில் பூத்தறையோ கிடையாது, தென்னந்தோப்பில் வெட்டவெளிதான். தரையைத் தொட்டு நெஞ்சில் வைத்துத்தான் சுவடு தொடங்கும். பாட்டா அதற்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாராம். ஞாயிறு பூசை ஒன்றுகூட விட்டதில்லை.

"சாமியாருக்குத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "சாமியாருக்கு முட்டு பிசகினப்போ தடவி விட்டது ஆருலே?" என்றார்.

அதுதான் தெற்கத்தி முறையின் அழகு. அடிக்கத் தெரிந்தவனுக்கே தடவவும் தெரிய வேண்டும். வர்மம் நூற்றெட்டு, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு. குருபரம்பரை அகத்தியரில் தொடங்கும்.

பாட்டா ஒன்றும் முதல் ஆள் இல்லை. பக்கத்தில்தானே நட்டாலம்! அங்கே 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை வில்வித்தையும் வர்மமும் ஆயுதப் பயிற்சியும் கற்றவர் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டிலனாய் என்ற கத்தோலிக்கத் தளபதியின் நட்பால் மனம் மாறி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சரி, சபை என்ன சொன்னது? ஒரே குரலில் சொல்லவில்லை என்பதே நிஜம். 1599இல் உதயம்பேரூர் சங்கம், சிலைக்கு வணக்கம் செய்யவைக்கும் ஆசான்களிடம் கிறிஸ்தவப் பிள்ளைகள் படிப்பதற்குக் கண்டிப்பான விதிகள் போட்டது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதுரையில் தத்துவபோதகர் ராபர்ட் டி நொபிலியிடம் மனம் திரும்பியவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம், மூடவழக்கம் கலக்காமல் இருந்தால் சரி என்றார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மறுபடி கயிற்றை இறுக்கினார். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றதற்கு எட்டு மாதம் முந்திய கதை இது! இந்தச் சடங்குகள் பற்றி மறைபணியாளர்கள் எடுக்கவேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940இல்தான் நீங்கியது.

நம் கராத்தே விவகாரத்துக்குப் பொருத்தமானது ஜப்பான் கதை. 1932இல் டோக்கியோவின் சோபியா கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் யசுகுனி ஆலயத்தில் குனிய மறுத்தார்கள். ராணுவம் கொதித்தது. 1936இல் ரோமின் மறைபரப்புப் பேராயம், அந்த வணக்கம் நாட்டுப்பற்றும் மரியாதையும்தான், வழிபாடு அல்ல, செய்யலாம் என்றது. (ராணுவ நெருக்கடி இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.) ஆலயத்திலேயே குனியலாம் என்றால், செத்துப்போன வாத்தியார் படத்துக்குக் குனிவதில் என்ன குற்றம்? 1989இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தியானம் பற்றி எழுதிய கடிதமும், பிற சமய முறைகளை அவை கிறிஸ்தவமல்ல என்பதற்காக மட்டும் தள்ளவேண்டாம் என்கிறது. நம் விசுவாசம் மங்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பூத்தறையில் தெய்வத்துக்குப் பூவும் விளக்கும் வைத்துச் செய்வது பூசைதான். அதை வெறும் உடற்பயிற்சி என்று சொன்னால் அந்த ஆசான்களுக்கே அவமரியாதை. அங்கே நான் கைகட்டி ஓரமாக நிற்பேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பையனிடம் சொன்னேன். பாதியில் தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"பாட்டா சிலுவை போட்டது குனியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்றேன். செவ்வாய்க்கிழமை அடுத்த வகுப்பு. வீட்டம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.