சுவருக்கு அப்பால் ஒரு கை

கார் ஷெட்டுக்கு விசிறி வாங்கப் புறப்பட்டால் நாம் பெரும்பாலும் சுவர் விசிறியையே தேர்கிறோம். வண்டியும் மேலே சுருளும் ஷட்டரும் கூரை விசிறிக்கு இடம் விடுவதில்லை. சத்தம் போடுமா, இடைவிடாது ஓடுமா என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். மின்சாரத்தினும் பழைய கேள்விகள் இவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் துரைமார் வீட்டுக் கூரையில் துணிப் பங்கா தொங்கியது. அதன் கயிறு சுவர்த்துளை வழியே தாழ்வாரத்துக்குப் போயிற்று. அங்கே ஒருவர் இரவெல்லாம் இழுத்தார். சிலர் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு படுத்தபடியே இழுத்தனர். விசிறி எதுவும் காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. இழுத்தவரின் வியர்வைக்கோ அக்காற்று எட்டவில்லை. கண்ணயர்ந்தால் உதை. உதைபட்டு மாண்டோரும் உண்டு. மாண்டவருக்கு மண்ணீரல் முன்பே வீங்கியிருந்தது என்று வழக்காடிச் சிறு தண்டனையோடு தப்பிய வெள்ளையரும் உண்டு. மருத்துவம் இவ்வளவு இழிவாகப் பயன்பட்ட இடம் வேறு உண்டா என நாம் வியக்கிறோம்.

1882இல் அமெரிக்கரான ஷைலர் வீலர் இரண்டு இறக்கை மேசை மின்விசிறியை உருவாக்கினார். 1899இல் கல்கத்தாவில் மின்விநியோகம் தொடங்கியது. ஆயினும் கூலி மலிவாயிருந்த ஊர்களில் பங்கா எளிதில் ஓயவில்லை. இ.எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட இந்திய நாவலின் நீதிமன்றக் காட்சியில் பெயரில்லாத பங்காக்காரர் ஒருவர் வருகிறார். வழக்கு முடிந்து மன்றம் காலியான பின்னும், நடந்தது எதுவும் அறியாமல், அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார்.