பீங்கான் எஞ்சின் கனவும் டர்போ சுழலியும்: ஜப்பானிய உற்பத்தி வரலாறு குறித்து ஒரு மறுநோக்கு

1985ஆம் ஆண்டு நிசான் நிறுவனம் தன் ஃபேர்லேடி இசட் காரில் சிலிக்கான் நைட்ரைடாலான டர்போ சுழலியைப் பொருத்திச் சந்தைக்குக் கொணர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் அச்சக்கரம் ஒரு வினாவை எழுப்புகிறது. அப்பொருள் பற்றிய அறிவில் பிரிட்டனும் அமெரிக்காவும் முந்தியிருந்தும், உற்பத்தியில் ஜப்பான் முந்தியது ஏன்? இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்து வெப்ப அழுத்தத்தால் செறிவான சிலிக்கான் நைட்ரைடு உருவாக்கும் முறை 1961இலேயே பிரிட்டனில் வெளியாயிற்று. 1971இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை ஃபோர்டு, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனங்களைக் கொண்டு பீங்கான் வாயுச்சுழலித் திட்டத்தைத் தொடங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் குளிரூட்டலே வேண்டாத எஞ்சின் என்னும் கனவு வலுப்பெற்றது. கம்மின்ஸ் நிறுவனம் அமெரிக்கத் தரைப்படையுடன் இணைந்து, குளிரூட்டும் அமைப்பற்ற டீசல் சரக்குந்தை 1980களின் தொடக்கத்தில் ஓட்டியும் காட்டியது. ஆயினும், சூடேறிய உருளைச் சுவர் உட்புகும் காற்றை விரிவடையச் செய்து அதன் அளவைக் குறைத்தது, மசகெண்ணெய் தாங்கவில்லை, மிச்சப்பட்ட வெப்பத்தின் பெரும்பகுதி புகைப்போக்கி வழியே வெளியேறியது. இதனைப் பீங்கானின் தோல்வி என எழுதுவது பொருந்தாது. தோற்றது எஞ்சின் பற்றிய கருத்தாக்கமே.

சுழலியின் உற்பத்தி வேறு வகைச் சிக்கலுடையது. சிலிக்கான் நைட்ரைடு உருகுவதில்லை, சிதைகிறது. ஆகவே உலோகம்போல் வார்க்க இயலாது. அதன் தூள் தனியே சுடப்பட்டால் இறுகாது. இட்ரியம், அலுமினிய ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்தால் சூளையில் கண்ணாடித் திரவம் தோன்றி, ஊசிவடிவ மணிகள் ஒன்றோடொன்று பின்னி வளர்கின்றன. தூளை மெழுகு, பிசின் ஆகியவற்றுடன் குழைத்து அச்சில் செலுத்துவர். பின்னர் அப்பிணைப்பியை மிக மெதுவாக வெளியேற்ற வேண்டும். தடித்த மையமும் மெல்லிய இதழ்களும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை என்பதால் அவசரப்பட்டால் வெடிப்பு நிச்சயம். சுடுகையில் ஒவ்வொரு பரிமாணமும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையே வலிமையைத் தீர்மானிப்பதால், சுழலிகளை மிகுவேகத்தில் சுழற்றிச் சோதித்து, உடையாதவற்றையே ஏற்பர்.

இத்தகைய பொறுமை எங்கிருந்து வந்தது? அச்சுழலியைச் செய்த என்ஜிகே ஸ்பார்க் பிளக் நிறுவனத்தின் மரபுவழியில் விடை உள்ளதெனக் கருதுகிறேன். 1904இல் தொடங்கப்பட்ட பீங்கான் நிறுவனமான நிப்பான் தோகியிலிருந்து 1919இல் மின்காப்பான் நிறுவனமும், அதிலிருந்து 1936இல் ஸ்பார்க் பிளக் நிறுவனமும் பிரிந்தன. சுருக்கத்தைக் கணித்தல், சூளையை ஆளுதல், இலட்சக்கணக்கில் சோதித்துக் கழித்தல் ஆகியவை அத்தொழிலாளர் கைகளில் முன்பே இருந்தன. அரசின் பங்கையும் மறுக்க இயலாது. ஜப்பானிய வணிகத் தொழில் அமைச்சகம் 1981இல் நுண்பீங்கானைத் தன் அடிப்படைத் தொழில்நுட்பத் திட்டத்தில் சேர்த்தது. எனினும் அதே ஆண்டில் இசுசு டீசல் கார்களுக்குக் கியோசெரா வழங்கிய பீங்கான் முன்சூடேற்றிகள் அத்திட்டத்தின் விளைவாக இருந்திருக்க முடியாது.

1989இன் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரிலும் பீங்கான் சுழலிகளே இருந்தன. ஆனால் பந்தயத்திற்கெனச் செய்யப்பட்ட அதன் என்1 வகை உலோகத்திற்கே திரும்பியது. 1990களின் இறுதியில் டைட்டானியம் அலுமினைடு என்னும் இலகுவான உலோகக் கலவையும் போட்டிக்கு வந்தது. இதற்கிடையே, 1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைப்போக்கியில் வினையூக்கியைத் தாங்கிவரும் கார்டியரைட் தேன்கூட்டுப் பீங்கான் உலகெங்கும் பரவிவிட்டது. எஞ்சினுக்கு வெளியே இருப்பதாலோ என்னவோ, பீங்கான் எஞ்சின் வரலாறுகள் அதனைக் கணக்கில் கொள்வது அரிது.