உமிழ்நீர் சுரப்பிக்கு எம்.ஆர்.ஐ: ரிப்போர்ட்டில் வரும் 'ஏ.டி.சி' எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவர்களைப் படுத்தி எடுக்கும் தொந்தரவு, வாய் உலர்ந்து போவது. தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்காது, பல் சொத்தையும் சீக்கிரம் வரும். கதிர்வீச்சு உமிழ்நீர் சுரப்பிகளையும் சேர்த்துப் பாதிப்பதுதான் காரணம். அந்தச் சுரப்பி எந்த நிலையில் இருக்கிறது என்று ஊசிகூட குத்தாமல் பார்க்க உதவுகிறது 'டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ'.

எதை அளக்கிறார்கள்?

உடம்பில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். செல்கள் நெருக்கியடித்து இருந்தால் நகர்வது கஷ்டம், கூட்டமான பஸ்ஸில் முன்னே போவது மாதிரி. செல்கள் அழிந்து இடம் கிடைத்தால் சுலபம். இந்த நகர்வைச் சொல்லும் எண்தான் ஏ.டி.சி.

37 டிகிரி வெப்பத்தில் வெறும் தண்ணீருக்கு இது நொடிக்கு சுமார் 0.003 சதுர மில்லிமீட்டர். காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பியில் (பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதேதான்) ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. ரேடியேஷனுக்குப் பிறகு பொதுவாக இந்த எண் ஏறும்.

சிக்கல் எங்கே?

சுரப்பி இருக்கும் இடத்தில்தான். இந்த ஸ்கேனுக்கு வழக்கமாகப் பயன்படும் அதிவேகப் படமெடுப்பு முறையில், காற்றும் சதையும் சந்திக்கும் இடங்களில் படம் நெளியும். பல்லில் உலோக கேப் இருந்தால் கேட்கவே வேண்டாம். 3 டெஸ்லா மெஷினில் படம் தெளிவாக வரும், ஆனால் நெளிவும் கூடும். நெளிவு குறைந்த வேறு முறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். நடுவில் நோயாளி எச்சில் விழுங்கினாலும் சுரப்பி அசையும்.

அடுத்தது 'பி-வேல்யூ' என்ற செட்டிங். இதைக் குறைவாக வைத்தால் ரத்த ஓட்டமும் கணக்கில் சேர்ந்து எண் கூடிவிடும். ஆக, ஒரு சென்டரின் எண்ணை வேறு செட்டிங்கில் எடுத்த இன்னொரு சென்டரின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. வயது ஏற ஏற பரோட்டிட்டில் கொழுப்பு சேரும், அது எண்ணை இறக்கும். எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டு எச்சில் ஊறினாலும் எண் மாறும். அதனால், ஸ்கேனுக்கு முன் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி, ஐஸ் தண்ணீர். 0 டிகிரியில் தண்ணீரின் ஏ.டி.சி சுமார் 0.0011 என்பது தெரிந்த விஷயம். மெஷினும் அதையே காட்ட வேண்டும். ஆனால், ஐஸ் தண்ணீருக்குப் பல் கேப் கிடையாது, அது எச்சிலும் விழுங்காது!

எண் ஏறினால் பாதிப்பா?

சிகிச்சை எதுவும் தராமல் ஒருவரையே இரண்டு முறை ஸ்கேன் எடுத்தாலும் எண் கொஞ்சம் மாறும். பேச்சுக்கு, அந்த வித்தியாசம் 15 சதவீதம் வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போ 0.0010 என்பது 0.0011 ஆனால் அதற்கு அர்த்தமே இல்லை. 0.0013 ஆனால்தான் கவனிக்க வேண்டும்.

கட்டி விஷயத்திலும் இப்படித்தான். புற்றுநோய்க் கட்டிகளில் எண் பெரும்பாலும் குறைவு. ஆனால், புற்றுநோய் அல்லாத 'வார்தின்' கட்டியிலும் குறைவாகவே வரும். எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால்தான், கட்டியிலிருந்து ஊசியில் செல் எடுத்தும் சோதிக்கிறார்கள்.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுப்பது நல்லது. சென்டர் மாறினால் ரிப்போர்ட் பேப்பரோடு பழைய ஸ்கேன் சி.டி-யையும் கொண்டுபோங்கள். எந்த செட்டிங்கில் எடுத்தது என்ற விவரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.