உப்புத்தாளும் அதன் எண்களும்

மரம், உலோகம், சுவர் ஆகியவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கப் பயன்படும், துகள் ஒட்டிய தாள் உப்புத்தாள் எனப்படுகிறது. இதனை மணல்தாள் என்றும் கூறுவர். பெயரில் உள்ள உப்பு தாளில் இல்லை. இன்றைய தாள்களில் பெரும்பாலும் மணலும் இல்லை. கடினமான துகள் எதுவாயினும் தேய்க்கும். ஆனால் ஒரே அளவான துகள்களே கீறலின்றி வழவழப்பைத் தரும். அந்தச் சீரான அளவை எட்டியதே இத்தாளின் வரலாறு ஆகும்.

தோற்றம்

தாள் வருமுன் சுறாமீனின் சொரசொரப்பான தோல் மரத்தைத் தேய்க்கப் பயன்பட்டது. 13ஆம் நூற்றாண்டுச் சீனாவில் நொறுக்கிய சிப்பி, விதை, மணல் ஆகியவற்றை இயற்கைப் பிசினால் தோல்தாளில் ஒட்டிப் பயன்படுத்தினர் எனக் கூறப்படுகிறது. 1833இல் ஜான் ஓக்கி லண்டனில் கண்ணாடித்தூள் ஒட்டிய தாள்களைத் தயாரிக்கத் தொடங்கினார். 1834இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் பிஷர் உப்புத்தாள் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

துகளும் தூசியும்

மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 9ஆம் இடம் பெறும் கனிமம் குருந்தக்கல். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழின் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. 1891இல் எட்வர்டு அச்சிசன் மின் உலையில் சிலிக்கான் கார்பைடை உருவாக்கி, அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார்.

குருந்தக்கல் வெட்டுவதற்காக 1902இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கப்பட்ட 3எம் நிறுவனத்துக்குக் கிடைத்தது வேறொரு மதிப்புக் குறைந்த பாறை. பின்னர் அது உப்புத்தாள் தயாரிப்புக்கு மாறியது. அக்காலத்தில் வாகன வண்ணப்பூச்சை உலர்வாகத் தேய்த்தபோது ஈயம் கலந்த தூசி எழுந்து தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1921இல் இந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நீர்புகாத தாள், நனைத்துத் தேய்ப்பதை எளிதாக்கித் தூசியைக் குறைத்தது.

எண்களின் பொருள்

துகள்களைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கையிலிருந்து இந்த எண்கள் தோன்றின. எனவே எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். சல்லடையில் பிரிக்க முடியாத மிக நுண்ணிய துகள்கள், நீரில் படியும் வேகத்தைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன. ஐரோப்பிய அளவுமுறையில் எண்ணுக்கு முன் ‘பி’ எழுத்து இருக்கும். பி80 துகள் சுமார் 0.2 மி.மீ., பி120 துகள் சுமார் 0.125 மி.மீ. அளவுடையது. நுண்ணிய தாள்களில் இரு முறைகளும் வெகுவாக வேறுபடும். அமெரிக்க முறையின் 600, ஐரோப்பிய முறையின் பி1200க்கு ஏறத்தாழச் சமமானது.

வீட்டுப் பயன்பாடு

• சொரசொரப்பான மரப்பலகை: முதலில் 80, பிறகு 120, இறுதியில் 180 அல்லது 220. மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்.
• வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையில்: 220 முதல் 320 வரை, மென்மையாக.
• சுவரில் பூசிய பட்டி: 120 முதல் 180 வரை, கடைசிப் பூச்சுக்கு முன் 220.
• துருவேறிய இரும்புக் கம்பி: 80; பிரைமர் அடிக்கும் முன் 120.
• பளபளப்பு வேண்டிய உலோகம்: 400க்கு மேற்பட்ட நீர்புகாத தாள், நனைத்து.

ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை நீக்குவதால் எண்களைத் தாவக் கூடாது. 80க்குப் பின் நேராக 220க்குச் சென்றால் ஆழமான கீறல்கள் எஞ்சும். வார்னிஷ் பூசியதும் அவை தெளிவாகத் தெரியும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல், குழந்தைகளை அப்பால் வைத்து, முகக்கவசம் அணிந்து, நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பானது.