திப்புவின் படையிலிருந்த பாட்டனார்

சேலம் முதல் நாமக்கல் வரை, சங்ககிரி முதல் இராசிபுரம் வரை விரிந்து கிடக்கும் இச்சமவெளியில், முஸ்லிம் குடும்பம் ஒன்றின் திண்ணையில் அமர்ந்து முன்னோரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் திப்பு சுல்தானின் படையில் தளபதியாக இருந்தவர்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பவரும் தம் பங்குக்கு ஒரு தளபதியைச் சொல்வார். நாம் இவ்வாறு கேட்டறிந்த தளபதிகளையெல்லாம் ஓரிடத்தில் அணிவகுத்து நிறுத்தினால், அவர்களுக்குக் கீழே நிற்கச் சிப்பாய்கள் போதமாட்டார்கள்.

எம் குடும்பத்திலும் ஒரு தளபதி இருந்தார். அவரைத் தேடிப் புறப்பட்ட கதையே இது.

இத்தகைய பேச்சை முற்றிலும் வீண் பெருமை என்று தள்ளிவிடவும் இயலாது. ஹைதர் அலீயின் காலந்தொட்டு 1792 வரை இப்பகுதி மைசூர் அரசின் ஆட்சியில் இருந்தது. நாமக்கல்லின் ஒற்றைப் பாறைக் குன்றின் மேல் நிற்கும் கோட்டையும், சங்ககிரி துர்க்கமும் அவ்வரசின் காவல் நிலைகள். 1768-இல் கும்பினிப் படை இப்பக்கத்துக் கோட்டைகளைப் பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதர் அவற்றை மீட்டுக்கொண்டார். 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாந்தர் ரீட் ஆட்சியராக வந்தார். அவருக்குக் கீழே தருமபுரிப் பக்கத்தை மன்றோவும் சேலம் பக்கத்தை மக்லௌடும் நிர்வகித்தனர். கோட்டை கைமாறியது உண்மை. ஆனால் கோட்டையை அண்டி வாழ்ந்த குடும்பங்கள் யாவும் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இராவுத்தர் என்ற பட்டம் பூண்ட குடும்பங்கள்கூடத் தம் வரலாற்றைத் திப்புவிடமிருந்து தொடங்குவது நமக்கு வியப்பையே தருகிறது. குதிரை வீரனைக் குறிக்கும் அச்சொல் திப்புவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்று விளித்திருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிய தேவை இராவுத்தர்களுக்கு இல்லை.

எம் வீட்டுத் தளபதிக்கு ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு தாள். தகரப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த பார்ஸிப் பர்வானா. அதன் ஓரத்தில் 1218 என்று ஓர் எண். எம் தந்தையார் இளைஞராக இருந்த காலத்தில் அதை ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்தவர் எண்ணைப் பார்த்தார், விரல் விட்டுக் கணக்கிட்டார், சிரித்தார். ஹிஜ்ரி 1218 என்பது கி.பி. 1803. திப்பு சுல்தான் ஷஹீதானது 1799 மே 4, அதாவது ஹிஜ்ரி 1213. இறந்து நாலாண்டு கழித்து ஒரு சுல்தான் எப்படிப் பர்வானா கொடுப்பார்? போலிப் பத்திரம் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். அன்று முதல் அந்தத் தாளைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. எரித்துவிடலாம் என்றும் ஒருமுறை பேச்சு நடந்ததாம். "அல்லாஹ்வின் பெயர் எழுதிய தாளை எரிப்பதா?" என்று தடுத்தவர் எம் நன்னி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் தடுத்திராவிட்டால் இக்கட்டுரை இல்லை.

பார்ஸி அறிந்த பெரியவர் ஒருவரிடம் பல்லாண்டுகளுக்குப் பின் நாம் அதைக் காட்டினோம். அவர் எண்ணைப் பார்க்கவில்லை; எண்ணுக்கு முன்னிருந்த மாதத்தைப் பார்த்தார். 'அஹ்மதி' என்றிருந்தது. "முஹர்ரம் தெரியும், ஸபர் தெரியும். அஹ்மதி என்று ஒரு மாதம் ஹிஜ்ரியில் உண்டா, தம்பி?" என்று கேட்டார். விடை அக்கேள்வியிலேயே இருந்தது.

திப்பு சுல்தான் தம் அரசுக்கென்று ஒரு புதிய நாட்காட்டியை வகுத்துக்கொண்டவர். மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் புதுப் பெயர்கள் சூட்டினார். அஹ்மதி அதன் முதல் மாதம். 1787 வாக்கில் ஆண்டுக் கணக்கையும் மாற்றினார். ஹிஜ்ரத்திலிருந்து எண்ணாமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் 'மவ்லூதி' ஆண்டு அது. அவருடைய பிற்காலக் காசுகளில் இவ்வாண்டு வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காசு சேகரிப்போர் நன்கறிவர். மவ்லூதி 1218 என்பது கி.பி. 1790-91. திப்பு உயிரோடிருந்து, நாமக்கல்லும் அவர் கையில் இருந்த காலம். தாள் பொய் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தவருக்குத்தான் ஒரு நாட்காட்டி தெரியாமல் போயிற்று. அந்தச் சிரிப்புக்காக எம் தந்தையார் எத்தனை ஆண்டு தலைகுனிந்திருந்தார் என்பதை நினைக்கையில் இன்றும் மனம் கனக்கிறது.

மகிழ்ச்சி அதோடு நின்றிருக்கலாம். பெரியவர் தொடர்ந்து படித்தார். சிறு நிலம் ஒன்றுக்குத் தீர்வை தள்ளிக் கொடுத்த உத்தரவு அது. பெற்றவரின் பெயரை அடுத்து ஒரு சொல் இருந்தது: 'நால்பந்த்'. குதிரைக்கு லாடம் கட்டுபவர்!

எம் பெரியத்தாவுக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தப் பெரியவருக்குக் கண் சரியில்லை" என்றார்.

பர்வானா ஒரு பெயரைத்தான் தந்தது. அப்பெயருக்கும் நமக்கும் இடையில் ஆறேழு தலைமுறை. அந்த இடைவெளியை நிரப்ப முதலில் உதவியவை இனாம் பதிவேடுகள். மதராஸ் அரசு 1858-இல் இனாம் கமிஷனை அமைத்தது; அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு மானிய நிலத்துக்கும் விவரம் எழுதப்பட்டது. யார் கொடுத்தது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு இவர் என்ன உறவு என்று பத்தி பத்தியாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆவணக் காப்பகத்தில் இதைத் தேடுவோர்க்கு இரு சொற்கள். பழைய கணக்குகளில் பசலி ஆண்டே இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் கி.பி. கிடைக்கும். மேலும் நாமக்கல் வட்டம் 1910-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் சேலத்துக்குத் திரும்பி, 1997-இல் தனி மாவட்டத் தலைநகரின் வட்டமாகியது. எந்த ஆண்டுக் கணக்கு எந்த மாவட்டத்தின் பெயரில் இருக்கும் என்று தெரியாமல் நாம் இரண்டு நாட்களை வீணாக்கினோம்.

அதற்குப் பிறகு பள்ளிவாசல் நிக்காஹ் தப்தரும், பத்திரப் பதிவு அலுவலகத்துக் கிரயப் பத்திரங்களும் பாகப் பத்திரங்களும் துணை வந்தன. இவற்றைப் புரட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. எம் வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருந்த ஷஜராவில் நாற்பத்தொரு பெயர்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பெண் பெயரில்லை. தகப்பன், மகன், மகனின் மகன்; நாற்பத்தொரு ஆண்களும் தாயில்லாமல் பிறந்தவர்கள் போல! ஆனால் பாகப் பத்திரங்களில் பெண்கள் இருக்கிறார்கள். மார்க்கம் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு வைத்திருக்கிறது. பங்கு கொடுக்க வேண்டுமானால் பெயரை எழுதித்தானே ஆக வேண்டும்? மஹர் எழுதும்போதும் அப்படியே. சொத்தைப் பிரிக்கையில் நினைவுக்கு வந்த பெண்கள், கொடிவழியை வரைகையில் மறந்து போனார்கள்.

இம்மறதியின் விலை என்னவென்பதற்குத் திப்பு சுல்தானின் வம்சத்திலேயே ஒரு சான்று உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்த பின், அங்குக் காவலில் இருந்த திப்புவின் மக்களைக் கும்பினியார் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அவர் மைந்தர்களில் ஒருவரான குலாம் முஹம்மது 1842-இல் அங்குக் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆண்வழிக் கொடி அங்கே தொடர்ந்தது. ஆயினும் அவ்வம்சத்தின் பெயரை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர் அக்கொடியில் காணப்படாத ஒரு பெண்: நூர் இனாயத் கான்.

1914-இல் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை இனாயத் கான், பரோடாவில் பிறந்து மேனாடுகளில் சூஃபி நெறியைப் பரப்பிய இசைவாணர். இனாயத்தின் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டு போனால் பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இசைக் குடும்பத்தில் கொண்டுபோய் விடும்; ஸ்ரீரங்கப்பட்டணம் வராது. இனாயத்தின் தாயார் கதீஜா பீ. கதீஜாவின் தந்தை பரோடா அரசவை இசை மேதை மௌலா பக்ஷ். தாயார் காஸிம் பீ. இந்தக் காஸிம் பீ திப்பு சுல்தானின் பேத்தி என்பது அக்குடும்பம் காத்துவந்த மரபு. வாய்வழி வந்த செய்திதான். ஆனால் அதைக் காத்தது பெண்களின் பெயரை விடாமல் சொல்லிவந்த ஒரு குடும்பம்.

நூர் 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குப் பிரிட்டனின் இரகசியப் போர் அமைப்பால் அனுப்பப்பட்டார். அங்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலித் தந்தியாளர் அவரே. உடன் வேலை செய்தோர் ஒவ்வொருவராகப் பிடிபட்ட பின்னும் திரும்பி வர மறுத்தார். அக்டோபரில் சிறைப்பட்டார், 1944 செப்டம்பர் 13 அன்று தாஹவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்தவரின் வழிவந்தவர், ஆங்கிலேயருக்காக மடிந்தார். காலம் செய்யும் விந்தைதான்!

எம் வீட்டு ஷஜராவை இப்போது புதிதாக எழுதி வருகிறோம். பாகப் பத்திரங்களிலிருந்து இதுவரை பத்தொன்பது பெண் பெயர்கள் கிடைத்துள்ளன. தாளை எரிக்கவிடாத நன்னியின் பெயரையும் அவர் தாயார் பெயரையும் முதலில் எழுதினோம். மேலே, அந்த லாடக்காரரின் பெயருக்கு முன்னால் 'தளபதி' என்று போடும்படி பெரியத்தா கேட்டுக்கொண்டேயிருக்கிறார். நாம் 'நால்பந்த்' என்றே எழுதியிருக்கிறோம். அவருக்குப் பக்கத்தில், அவர் மனைவியின் பெயருக்காக விட்ட இடம் வெற்றாக இருக்கிறது. பழைய நிக்காஹ் தப்தர் ஒன்று இராசிபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெருநாள் கழிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.