திருவாதிரைக் களியும் சேந்தனார் வரலாறும்

மார்கழித் திருவாதிரையன்று சைவ இல்லங்களிற் களி நிவேதிக்கும் வழக்கம் சேந்தனாரொடு சார்த்திச் சொல்லப்படுவது. விறகு விற்று நாள்தோறும் ஓரடியாரை அமுதுசெய்வித்து வந்த அவர், பெருமழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில் வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிண்டிப் படைத்தார் என்றும், மறுநாள் தில்லைச் சிற்றம்பலத்தில் அக்களி சிதறிக் கிடந்தது என்றும் செவிவழி வரலாறு கூறும்.

இதனைப் பெரியபுராணத்தில் தேடுதல் பயனின்று. சேந்தனார் சுந்தரருக்குப் பிற்பட்டவராதலின் திருத்தொண்டத்தொகையில் இடம்பெற்றிலர். ஒன்பதாந் திருமுறையிலுள்ள அவருடைய திருப்பல்லாண்டின் 13 பாடல்களில் ஆதிரைநாள் பேசப்படுகிறது, களி பேசப்படவில்லை. எனினும், விழாநாளில் மகளிர் அமுது சமைத்தல் அவரினும் பழைய வழக்கே. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலைப் பூம்பாவைத் திருப்பதிகத்தில் மார்கழி ஆதிரையைக் குறித்ததோடு, தைப்பூசத்திற்கு மகளிர் ஆக்கும் நெய்ச்சோற்றினையும் குறித்தருளினார்.

களிக்குப் பச்சரிசியை மணம் எழச் சிவக்க வறுத்து, ரவைபோல் உடைத்தல் வேண்டும்; வறுவல் குறையின் களி குழைந்துவிடும். வறுத்த பாசிப்பருப்பும் சிறிது சேர்ப்பர். வெல்லத்தைக் கரைத்து மண்போக வடிகட்டிக் கொதிக்கவிட்டு, ரவையைத் தூவிக் கட்டிபடாமற் கிளறி, வெந்தபின் தேங்காய்த்துருவலும் ஏலமும் நெய்யும் இடுவர். உடன் பரங்கி, சேனை, வள்ளி, மொச்சை முதலியன கூட்டிய குழம்பு; ஏழு காய் என்பது பலர் கணக்கு. முந்திரியும் மிகுநெய்யும் இல்லையே என்று கவல்வாருமுளர். சேந்தனார் வீட்டில் அவை இருந்தனவாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.