தங்கத் தாத்தா



துணுக்காயிலே கதிர் முற்றுங் காலத்தில் வயல் நடுவே வெருளி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பழஞ்சட்டை, வைக்கோல் உடல், சட்டித் தலை. கமக்காரனன்றி அதனைக் கருத்தோடு நோக்குவார் யார்? கத்தரித் தோட்டத்திலே நின்ற அத்தகைய வெருளியை விளித்துப் பாட்டிசைத்தார் ஒரு பள்ளி ஆசிரியர். அவரே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர்.

1878ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நவாலியிலே பிறந்த புலவர், வட்டுக்கோட்டையில் இன்று இந்துக் கல்லூரியாய் விளங்கும் பள்ளியிலே ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆசிரியராயிருந்தார். அந்நாளிலே உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலமே. பிறநாட்டுப் பூவையும் பறவையையும் மனனஞ்செய்த சிறுவர்க்கு, வேலியோரத்துப் பனையைப் பாட எளிய தமிழ்ப் பாட்டு அரிதாயிருந்தது. புலவரும் மரபுவழியிற் பதிகங்கள் பாடியவரே. ஆயினும், தம்முன் அமர்ந்த சிறுவரை அவர் மறந்தாரல்லர்.

ஆடி முதல்நாளிலே கூழுங் கொழுக்கட்டையும் ஆக்குவது நம் வழக்கம். மறுநாள் விடுமுறையென்று துள்ளுஞ் சிறுவனின் வாய்மொழியாக அவ்விழாவைப் பாடினார் புலவர். மாவும் பயறும் தேங்காயும் பனங்கட்டியும் அடுக்களையிலிருந்து அப்படியே பாட்டினுள் புகுந்தன. பனையின் பெருமைக்கு 'தாலவிலாசம்' எழுந்தது. நாட்டின் செழிப்புக்கு 'இலங்கை வளம்' எழுந்தது.

இவை சிறு பொருள்கள் அல்லவோ எனச் சிலர் வினவலாம். அதே காலத்திலே நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் சிறுவர்க்குப் பாடினார், அவரும் ஆசிரியரே. அமெரிக்காவிலே நியூ இங்கிலாந்துக் கமங்களையும் கல்வேலிகளையும் பாடிய ராபர்ட் புரோஸ்டும் பள்ளியிற் கற்பித்தவரே. தன் ஊரை உற்றுநோக்கியவன் பாட்டு உலகுக்கும் உரியதாகும் என்பதற்கு இவர்கள் சான்று.

மக்கள் அவரைத் 'தங்கத் தாத்தா' என்றழைத்தனர். 1953இல் அவர் மறைந்தார். 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் தொகுதி வெளிவந்தது.

2008ஆம் ஆண்டுப் போரிலே துணுக்காய் மக்கள் ஊர் துறந்து சென்றனர், பின்னர் மீண்டனர். வீடும் ஏடும் அழியலாம். நாவிலே பதிந்த பாட்டைச் சுமக்கப் பெட்டி வேண்டியதில்லை. ஆனால் நாவிலிருந்து நாவுக்கு அதனைக் கொடுப்பார் வேண்டும். வரும் ஆடிப்பிறப்பிலே கூழ் காய்ச்சுந் தாய்மாரே, அடுப்பருகே குழந்தையை இருத்தி அப்பாட்டையுஞ் சொல்லிக்கொடுங்கள். அந்த ஆசிரியருக்கு நாம் செலுத்தத்தக்க குருதட்சிணை அதுவே.